பொரியின் நகங்கள்

“மறுபடியும் பிராண்டிப் போட்டிருக்கு பாருங்க அண்ணாச்சி.”

முருகம்மாள் என் மனைவியின் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே நாலு சிவந்த கோடுகள். ஒன்றில் ரத்தம் உறைந்திருந்தது.

பக்கவாதம் வந்ததிலிருந்து செல்விக்கு அந்தக் கையில் உணர்ச்சி இல்லை. எது கீறினாலும் தெரியாது. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, எதுவும் நடக்காதது போலக் காய்ந்த புல்லை மென்றுகொண்டிருந்தது பொரி. பொரி எங்கள் வெள்ளை முயல்.

அது செல்வி வளர்த்தது. காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பின்னங்காலுக்கு ஒரு கை கொடுக்க வேண்டும், தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டவே கூடாது என்றெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். “தென்காசில இருந்துக்கிட்டு குத்தாலத்துல குளிக்காத ஒரே ஆளு இவன்தான்” என்று சிரிப்பாள். படுத்த பிறகு பேச்சு குழறியது. ஒரு சொல் வெளியே வர நேரமானதால், பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பகல் முழுக்க அவளுக்குத் துணை அந்த முயல்தான்.

பொரியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. தினமும் சீப்பால் வாரி, உதிர்ந்த முடியை எடுத்தேன். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு நகமாகப் பிடித்து, உள்ளே தெரியும் சிவப்பு நரம்பில் படாமல் நுனியை மட்டும் வெட்டினேன். அவள் செய்ததில் ஒன்றைக்கூட விட்டுவிடவில்லை என்று நினைத்திருந்தேன்.

செல்விக்கு முருகம்மாள் இருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் வந்து, எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, துணி மாற்றிவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் கஞ்சியும் மாத்திரையும் நான் கொடுப்பேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கோபத்தில் நகவெட்டியை எடுத்துக்கொண்டு முயலிடம் போனேன்.

“நல்லா இருக்கே. செவ்வா வெள்ளி நகம் வெட்டப்பிடாதுல்லா அண்ணாச்சி. வீட்டுல லச்சுமி தங்க மாட்டா.”

“இது மொசலு நகம் முருகம்மா.”

“எந்த நகமா இருந்தா என்ன? நான் வார நாளுல வேண்டாம். எங்க வீட்டுக் கோழிக்குக்கூட வெட்ட மாட்டோம்.”

“நீ என்னைக்குக் கோழிக்கு நகம் வெட்டுன?”

“அதான் வெட்ட மாட்டோம்னு சொல்லுதேம்லா.”

நகவெட்டியை ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். “போன ஞாயித்துக்கிழமதான் வெட்டுனேன். அப்படியும் பிராண்டுதுன்னா என்ன செய்ய? சுகர் இருக்க உடம்பு. புண்ணு வச்சா ஆறாது. செங்கோட்டை ஜோஷ்வாட்ட குடுத்துருதேன். அவன்ட்ட அம்பது மொசலு இருக்கு, இதுவும் அதுல ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும்.”

செல்வி தலையை அசைத்தாள். வேண்டாம் என்கிறாள் என்று புரிந்தது. கண் கலங்கியிருந்தது. இடது கை போர்வைக்குள்ளேயே இருந்தது. கொஞ்ச நாளாகவே அதை வெளியே எடுக்காமல்தான் இருந்தாள். ஆனி மாதச் சாரல் காற்று குளிர்கிறது போலும் என்று எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து, கம்பிக் கூடையோடு ஜோஷ்வா வந்தான். பொரியை மடியில் மல்லாத்தி, நாலு பாதங்களையும் பிரித்துப் பார்த்தான்.

“சார், இதவா பிராண்டுதுன்னு சொல்லுதீங்க?”

“அவ கையப் பாரு.”

“பாத்தேன் சார். இந்த நகத்த வச்சு பேப்பரக்கூடக் கீற முடியாது. எங்கிட்ட இருக்க அம்பதுக்கும் நீங்களே வந்து வெட்டி விடுங்க, சம்பளம் போட்டுத் தாரேன்.”

நானும் சிரித்தேன். அவன் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. செல்வி போய்ச் சேர்ந்து இரண்டு சாரல் காலம் கடந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பெருமையை எழுதக் கை கூசுகிறது.

“பூன கீன வருதா சார்?”

“பூனையெல்லாம் இல்ல. எதுக்கும் நீ இதக் கொண்டு போ. இவளுக்கு ஒண்ணு ஆயிட்டா அப்புறம் அழுது என்ன பண்ண?”

அவன் பொரியைக் கூடைக்குள் விட்டு மூடியைச் சாத்தினான். உள்ளே அது ஒரு சுற்றுச் சுற்றி, கம்பியில் மூக்கை வைத்தது. கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜோஷ்வா அந்தப் பக்கம் பார்த்தான். உடனே தலையைக் குனிந்து, சாத்திய மூடியையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தான்.

நான் திரும்பினேன்.

செல்வி இடது கையை வெளியே எடுத்து, ஐந்து விரலையும் விரித்துப் போர்வை மேல் வைத்திருந்தாள். நகங்கள் நீண்டு கிடந்தன. சுண்டுவிரல் நகம் உள்பக்கமாக வளைந்திருந்தது. மரத்த கையைப் பிடித்து இழுத்து நகர்த்தும் விரல்கள் அவை. இடுக்குகளில் அழுக்கோடு காய்ந்த ரத்தம்.

அந்தக் கைக்கு வெட்டிவிட அவளுக்கு இன்னொரு கை இல்லை. எத்தனை மாதமாக வளர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நகவெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

“இன்னைக்கு... ஞாயித்துக்கிழமதான... எனக்கும் வெட்டி விடுங்களேன்.”