இன்னும் ஒரு வாய்

"இன்னும் ஒரு வாய்டி கண்ணு." அம்மா முனீரா, பாகு சொட்டும் லுகைமாத் உருண்டையை நீட்டினாள். தலாலுக்குக் குமட்டியது. ஒரு மாதமாக நெய் மிதக்கும் ஆட்டுக்கறிச் சோறும் இந்த உருண்டையும்தான்.

"வாந்தி வருது யும்மா!"

"வந்தா முழுங்கு. வெளிய மட்டும் தள்ளிடாத. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

மறுநாள் மருத்துவமனையில் எடை பார்த்த டாக்டர் திகைத்தார்.

"அப்ப இருந்த எடைக்கு இரைப்பையைச் சுருக்குற ஆபரேஷன் தேவையில்லைன்னு போன மாசம்தானே திருப்பி அனுப்பினேன்? அதுக்குள்ள எப்படி இவ்வளவு ஏறுச்சு?"

முனீரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்ல டாக்டர்? நம்ம குவைத்துல எல்லாப் பொண்ணுங்களும் இந்த ஆபரேஷனைப் பண்ணிக்கிட்டு குச்சியாட்டம் திரியுறாங்க. இவளுக்கு மட்டும் வாயைக் கட்டவே தெரியல!"

தலாலுக்கு மறுபடி குமட்டிக்கொண்டு வந்தது.

இந்த முறை அவள் முழுங்கவில்லை.