ஏறுற வண்டிக்குத்தான் வழி

"ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டிதான் வழி விடணும். அதான் சட்டம்" என்றான் கர்ணன். சொல்லிவிட்டு ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கலெக்டர் மாதிரி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

குமுளி மலைப்பாதையில் அந்த இடத்தில் ஒரு வண்டி போகத்தான் அகலம். மேலே ஏறிய முத்துக்கருப்பனின் காரும், ஏலக்காய் மூட்டையோடு கீழே இறங்கிய லாரியும் முட்டிக்கொள்ளாத குறையாக நின்றன. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதல பாதாளம். மலைப்பாதையில் இது தினப்படிக் கூத்துதான். கோபப்படக்கூட யாருக்கும் தெம்பில்லை.

லாரி டிரைவர் வீரணன் இறங்கி வந்தார். காலையிலிருந்து அவர் வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை.

"சட்டம் எனக்கும் தெரியும்ப்பா. ஆனா இது லோடு வண்டி. இந்தச் சேத்துல மேட்டப் பாத்துப் பின்னால எடுத்தா வழுக்கிரும். எனக்குப் பின்னால மாட்டுவண்டி வேற வரிசையா நிக்கிது. உனக்கு அந்தா, பிள்ளையார் கோயிலுக்கிட்ட அகலமாக் கெடக்கு. நாலு எட்டு பின்னால போயி ஒதுங்குனயின்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்."

"ஆகாது" என்றான் கர்ணன். தலையைக்கூடத் திருப்பவில்லை.

பின் சீட்டில் இருந்த முத்துக்கருப்பன் சிரித்தார். உத்தமபாளையத்தில் நெல் வியாபாரம் பண்ணுகிறவர். கார் வாங்கினாரே தவிர, அதைத் தொட்டு ஓட்டிப் பழகவில்லை. மதுரையில் துரைமார் காரை ஓட்டினவன் என்று சொல்லிக் கர்ணன் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவனுடைய மிடுக்கில் முதலாளிக்கு ஏகப் பெருமை.

"இவன் அப்படித்தான்ப்பா. காலையில கம்பத்துல மளிகைக் கடையத் தாண்டிட்டோம். பத்தடி பின்னால வந்தாப் போதும். 'உங்க காரு பின்னால போகலாமா மொதலாளி'ன்னு கேட்டுப்புட்டு, ஊரையே ஒரு சுத்து சுத்திக் கொண்டாந்து நிறுத்துறான்."

வீரணன் சிரிக்கவில்லை. "வண்டியில நோயாளி இருக்காக மொதலாளி" என்றார்.

அப்போதுதான் முத்துக்கருப்பன் நிமிர்ந்து பார்த்தார். மூட்டைகளுக்கு மேல் ஒருவன் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். ஏலத்தோட்டத்தில் வேலை செய்யப் போன இடத்தில் மலைக்காய்ச்சல். அவன் மனைவி மொக்கம்மாள் கீழே இறங்கி வந்து, கார் ஜன்னலோரம் நின்று கும்பிட்டாள்.

"சாமி, நேத்துலருந்து எம் புருசனுக்குப் பேச்சு மூச்சு இல்ல. பொழுது சாயுறதுக்குள்ள கம்பத்து ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் டாக்டரு இருப்பாகளாம். கொஞ்சம் மனசு வையுங்க சாமி."

முத்துக்கருப்பன் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது. "கர்ணா, பின்னால எடு" என்றார்.

"நம்ம மரியாதை என்னாகுறது மொதலாளி?"

"மரியாதையத் தூக்கிக் குப்பையில போடு. எடுறாங்கிறேன்."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல மொதலாளி."

இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று முத்துக்கருப்பன் தலையில் அடித்துக்கொண்டார். மாட்டுவண்டிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அலுத்துப்போய், "நாங்க முன்னால நின்னு தள்ளுறோம் தம்பி. நீ ஸ்டீரிங்க மட்டும் பாத்துக்க" என்றார். அதற்கும் ஆகாது என்றான் கர்ணன்.

"அப்ப நீ எறங்கு, நான் எடுக்குறேன்" என்றார் வீரணன்.

"என் வண்டிய எவனும் தொடக் கூடாது."

மலைக்காற்று எலும்பு வரை குளிர்ந்தது. கர்ணனின் சட்டைக் கழுத்து மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது. சாயங்கால வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னையோட உன் சோலி முடிஞ்சிச்சுடா" என்றார் முத்துக்கருப்பன். அவன் ஸ்டீரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தான். முதலாளி காரைவிட்டு இறங்கி, கையைப் பிசைந்துகொண்டு பாறையோரம் போய் நின்றார்.

மொக்கம்மாள் மறுபடி மூட்டை மேல் ஏறிப் புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்தாள். வைத்தவள் அலறினாள். "அய்யோ, கண்ணு சொருகுதே. யாராச்சும் பாருங்களேன், கண்ணு சொருகுதே."

வீரணன் கார்க் கதவோரம் வந்து கர்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"உன்னைய அடிக்கக்கூட எனக்குத் தெம்பில்லடா. உனக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா. அந்த மனுசன் செத்தா, வீட்டுக்குப் போயி அவ முகத்துல நீ எப்பிடி முழிப்ப?"

கர்ணன் மூட்டைகளின் மேல் கிடந்தவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துகொண்டான். முதலாளி இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், வீரணனின் காதருகே குனிந்தான்.

"நீங்களே எடுங்கண்ணே. எனக்கு முன்னால ஓட்ட மட்டுந்தான் தெரியும்."