மூன்றாவது ஜன்னல்

"பேட்டரி இங்க சார்ஜ்லதானே கெடக்குது! அங்க என்னத்த ஓட்டிட்டிருக்கீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி ரோசலின் கேட்டபோதுதான் ஞானப்பிரகாசம் நிமிர்ந்து பார்த்தார். தோட்டத்துத் தண்டவாளத்தில், கொய்யா மரத்தைச் சுற்றி, முழ நீளத்து நீராவி எஞ்சின் ஒற்றைப் பெட்டியை இழுத்துக்கொண்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நீராவி என்பதெல்லாம் பெயருக்குத்தான். கொதிகலனைக் குடைந்து பேட்டரிக்கு இடம் பண்ணியதே அவர்தான். பின்னாலிருந்த நிலக்கரிகூட அழகுக்காக, புளியங்கொட்டை அளவுக்கு உடைத்துப் பசை போட்டு ஒட்டியது. அதை அள்ளிப் போடுகிற ஆளாக ஒரு மரப்பொம்மையையும் நிறுத்தியிருந்தார்.

வண்டியைப் பிடிக்கப் போய்க் கொதிகலனைத் தொட்டார். விரல் கொப்பளித்துவிட்டது. சிமெண்டுக் குழாயில் செய்த குகைக்குள் நுழைந்து வண்டி வெளியே வந்தபோது, ஒரு துண்டுக் கரி மிச்சமில்லை. வேகம் மட்டும் குறையவில்லை. அடுத்த சுற்றில், பெட்டியின் முதல் ஜன்னலில் அவர் செதுக்கி உட்கார வைத்திருந்த தொப்பிக்காரரைக் காணோம். அதற்கடுத்த சுற்றில் இரண்டாவது ஜன்னலும் காலி.

மூன்றாவதில் பச்சைப் புடவை கட்டிய பொம்மை. போன வாரம்தான் ரோசலினை எதிரே உட்கார வைத்து, பார்த்துப் பார்த்து அதற்கு முகம் வரைந்திருந்தார். கை வெந்தாலும் பரவாயில்லை என்று பாய்ந்தார். அதற்குள் வண்டி குகைக்குள் போய்விட்டது.

"என்னங்க," என்றாள் ரோசலின் உள்ளேயிருந்து, "அடுப்ப அணைச்சாச்சே, அப்புறமும் ஏன் இப்படி அனலா அடிக்குது?"