இடது காதுக்குப் பின்னால்

"எட்வின் அண்ணாச்சி, இன்னொருக்கா நல்லாப் பாத்திருங்க. ஒத்த முடி நிக்கக் கூடாது!"

ராஜபாளையம் சலூன் நாற்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வைகுண்டராஜ். இதோடு மூன்றாவது தடவை சொல்லியாகிவிட்டது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பதினேழு வருடம் ஆகியும், கழுத்தில் கத்தி பட்டால் இன்னும் அட்டென்ஷனில் விறைத்துவிடுகிறவர்.

"செல்போன் லைட்டு அடிச்சே பாத்துட்டேன் தம்பி. பளிங்கு கணக்கா இருக்கு" என்றார் எட்வின்.

"இல்ல, உஸ்தாத்தப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதா? அந்த மனுசன்கிட்ட நான் பட்ட பாடு..."

எட்வினுக்குத் தெரியாமலா? வைகுண்டராஜ் பயிற்சி எடுத்த முகாமில் அன்றைக்கு முடி வெட்டியவரே அவர்தான். அங்கே டிரில் சொல்லிக்கொடுத்தவர் சத்தியநேசன். பட்டாளத்து வழக்கப்படி எல்லோருக்கும் அவர் உஸ்தாத். திங்கள்கிழமை காலையானால் வரிசையில் நிறுத்திச் சோதிப்பார். வைகுண்டராஜின் பூட்ஸில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அவ்வளவு பளபளப்பு. உடுப்பில் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்காது. உஸ்தாத் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் இடது காதுக்குப் பின்னால் இரண்டு விரலை விட்டு ஒற்றை முடியைப் பிடித்து இழுப்பார்.

"இது என்னலே, கரும்புத் தோட்டமா?"

பிறகென்ன, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைப் பத்துச் சுற்று. ஒன்பது மாதமும் இதே கூத்துதான். ஒரே ஒரு நாள்கூட அவர் வாயால் 'ஷாபாஷ்' வாங்கியதில்லை.

"இன்னைக்கு நம்ம பழைய ஆளுக ஒண்ணுகூடுற எடத்துல வாங்கிருவேன் அண்ணாச்சி. புதுச் சம்பந்தி வேற வாராரு. பட்டாளத்துலயே என்னைய மாதிரி டிப்டாப்பான ஆளு கெடையாதுன்னு அவர்கிட்ட அளந்து விட்டுருக்கேன்."

வாசலில் பையோடு நின்ற மனைவி பரிபூரணம் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "உஸ்தாத்துக்குன்னா அம்புட்டையும் தேய்ச்சு மடிச்சு வைப்பாக. வீட்டுல அவுத்துப் போட்ட கைலிய எடுத்து வைக்க மட்டும் கை வளையாது!"

எட்வின் கடையைப் பூட்டியதும் மூவரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினார்கள். ஒன்றுகூடலுக்காக வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்தில் முன்னாள் பட்டாளத்துக்காரர்கள் கூட்டம். ஆளுக்கொரு தொந்தியோடு ஒருவரையொருவர் 'எளச்சுட்டியே' என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

எண்பது வயது உஸ்தாத், மகள் செலினாவின் கையைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"அப்பாக்குக் கண்ணு ரெண்டும் மங்கிட்டு அங்கிள்" என்று எட்வினிடம் செலினா வருத்தப்பட்டாள். "ஆறு மாசமா ஒழுங்காச் சாப்பிடுததும் இல்ல, யாரையும் திட்டுததும் இல்ல. சும்மா மோட்டுவளையப் பாத்து உக்காந்திருக்காரு."

வைகுண்டராஜுக்கு மனசு கஷ்டப்பட்டது. கூடவே, உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. கண்ணே தெரியாதவர் என்ன குற்றம் கண்டுபிடித்துவிடப் போகிறார்? ஷாபாஷ் நிச்சயம்!

பழையபடி உஸ்தாத் சோதிப்பதற்காக எல்லோரும் வரிசை கட்ட, அதில் முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டார்.

"உஸ்தாத், நம்ம ராஜபாளையம் வைகுண்டராஜ் நிக்கான்" என்று எட்வின் அவரை அழைத்து வந்து எதிரில் நிறுத்தினார்.

உஸ்தாத் சட்டைப் பொத்தான்களைத் தடவினார். தொந்தி மேல் பெல்ட்டைத் தட்டிப் பார்த்தார். கன்னத்தில் விரலை ஓட்டினார். முன்வரிசையில் சம்பந்தி நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். வைகுண்டராஜ் நெஞ்சை இன்னும் இரண்டு அங்குலம் நிமிர்த்தினார்.

இரண்டு விரல்கள் இடது காதுக்குப் பின்னால் போயின. சுள்ளென்று ஒரு இழுப்பு!

"இது என்னலே, கரும்புத் தோட்டமா?" மண்டபமே அதிர்ந்தது. "மண்டபத்தச் சுத்திப் பத்து ரவுண்டு. ஓடுலே!"

துப்பாக்கிக்குப் பதிலாக யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக் கொடுத்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் வைகுண்டராஜ் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார். நாலாவது சுற்றில் பெல்ட் அறுந்தது. பரிபூரணம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தி செல்போனில் படமே எடுத்துவிட்டார். மானம் கப்பலேறிப் போய்விட்டது.

"கண்ணு போனாலும் கைக்குத் தெரியுது பாத்தியாலே! உஸ்தாத் உஸ்தாத்துதான்" என்று கூட்டாளிகள் வாயைப் பிளந்தார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்த வைகுண்டராஜும் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டார். தன் தலைமுடி, வெட்டின ஒரு மணி நேரத்தில் முளைத்துவிடுகிற ரகம் போலிருக்கிறது. அதற்கு அந்தப் பெரிய மனுசர் என்ன செய்வார்?

பந்தியில் உஸ்தாத் மூன்றாவது தடவையாகப் பிரியாணி கேட்டு வாங்கினார். "எலையப் பாத்து வைலே!" என்று பரிமாறியவரை ஒரு அதட்டும் அதட்டினார். செலினாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஒரு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பாயசக் கிண்ணத்தோடு அவர் முதுகுப் பக்கமாகப் போய் நின்றார் வைகுண்டராஜ். உஸ்தாத் பக்கத்து இலையிலிருந்த எட்வினின் தோளைக் கட்டிக்கொண்டு, ரகசியமாகப் பேசுவதாக நினைத்துச் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தார்.

"ஷாபாஷ்லே எட்வின்! அந்த வைகுண்டராஜுக்கு எடது காதுக்குப் பின்னால எனக்குன்னு ஒத்த முடிய விட்டு வைன்னு அன்னைக்குச் சொன்னது... நாப்பது வருசமாகியும் மறக்கலியே நீ!"