இடப்பக்க விலா

இரண்டாவது சுற்று முடிந்து வந்து உட்கார்ந்த கிறிஸ்ரினாவின் மூக்கில் இரத்தம் வழிந்தது. பயிற்சியாளர் றெஜி தோளில் கிடந்த துவாயால் அதைப் பக்குவமாகத் துடைத்துவிட்டார். குருநகரில் இரண்டு வருடமாக அவளுக்குக் குத்துச்சண்டை பழக்குகிறவர் அவர். வீட்டில்கூட அவளை யாரும் இப்படிக் கவனித்ததில்லை.

எதிர்த்து நின்ற ஜெயனி வவுனியாக்காரி. கிறிஸ்ரினாவைவிட அரை அடி உயரம். நீண்ட கைகளை வீசிக்கொண்டு மேலே மேலே வந்து விழுந்தாள். யாழ்ப்பாணத்தில் அவள் மோதுவது இதுதான் முதல்முறை. வென்றவள் கொழும்புக்கு, தேசியப் போட்டிக்குப் போவாள்.

“பின்னுக்குப் போகாதை பிள்ளை, தள்ளி நிண்டால் அவளுக்குத்தான் வாசி. தலையைப் பதிச்சு உள்ளுக்குப் போ. உடம்புக்குக் குடு” என்றார் றெஜி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “இடப்பக்க விலா. அதிலை பழைய முறிவு ஒண்டிருக்கு.”

யாரிடமோ விசாரித்திருக்கிறார் என்று கிறிஸ்ரினா நினைத்துக்கொண்டாள். எதிர் மூலைப் பக்கம் அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது சுற்றில் ஜெயனியின் வீச்சுக்குக் கீழே குனிந்து புகுந்து, அவளோடு ஒட்டி நின்று, சொன்ன இடத்தில் குத்தினாள். ஜெயனி முனகினாள். முழங்கையை இறக்கி அந்த இடத்தை மூடப் பார்த்தாள். அதிலேயே கொடுக்கச் சொல்லி றெஜி பின்னாலிருந்து கத்தினார். கிறிஸ்ரினா இன்னும் இரண்டு கொடுத்தாள்.

ஜெயனி முழங்காலில் விழுந்து, பல்லுறையைத் துப்பி, வாந்தி எடுத்தாள்.

நடுவர் கிறிஸ்ரினாவின் கையைத் தூக்கினார். கைதட்டல் ஓயுமுன்பே அவள், முறிந்த இடமென்று தெரிந்தே குத்திய கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். றெஜி தலையைத் தடவ வந்தபோது விலகிப் போனாள்.

உடுப்பு மாற்றும் அறையில் ஜெயனி விலாவில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு இருந்தாள். கிறிஸ்ரினா அழுதபடியே மன்னிப்புக் கேட்டாள். தனக்கு முன்னம் தெரியாது, றெஜி சேர்தான் அந்த இடத்தைக் காட்டித் தந்தவர் என்றாள்.

ஜெயனி கோபப்படவில்லை. “அவர் என்ரை அப்பா. எங்களை விட்டிட்டுப் போய் ஆறு வருசம்.”

“உந்த முறிவு இருக்கெண்டு தெரிஞ்சுமோ அவர்...” என்று தொடங்கினாள் கிறிஸ்ரினா.

ஜெயனி ஐஸ் பையைப் புரட்டி வைத்தாள்.

“அடிச்சு முறிச்சவருக்குத் தெரியாதோ?”