முதல் ஸ்டாப்

"அண்ணே, உடனே கிளம்பி வா. உன் மாப்பிள்ளை மறுபடியும் பஸ்ஸை எடுத்துட்டார்!"

தங்கை போனில் அழாத குறை.

விநாடிமுள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் டிப்போவில் அவர் டைம் கீப்பர். வண்டி ரெண்டு நிமிஷம் பிந்தினால் போதும், டிரைவர் கையில் மெமோ இருக்கும். டிரைவர்கள் வைத்த பேர்தான் விநாடிமுள். மனுஷனுக்கு அதில் பெருமை வேறு!

வீட்டிலும் அதே கதைதான். விடியுமுன் பச்சைத்தண்ணீர்க் குளியல். சர்க்கரை வாசலோடு சரி. காலையில் பச்சைக் காய்கறி மட்டும், அதுவும் ஒரே அளவாக நறுக்கியிருக்க வேண்டும். "வாழ்க்கைன்னா ஒரு ஒழுங்கு வேணும்" என்று கேட்டவனுக்கும் சொல்வார், கேட்காதவனுக்கும் சொல்வார்.

தங்கை வீட்டு ஹாலில் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மாப்பிள்ளை டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே டிரைவர் யூனிஃபார்ம், கீழே அரைக்கால் டவுசர். சாப்பாட்டு மேஜையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங், காலடியில் பிளாஸ்டிக் பிரேக். டிவிக்குள்ளே ஒரு பஸ்.

"பார்த்தியா?" என்றாள் தங்கை. "நாள் பூரா பஸ் ஓட்டிட்டு வீட்டுக்கு வந்தும் பஸ்தான். அடுப்பை அணைங்கன்னா, 'அடுத்த ஸ்டாப்ல இறங்கி அணைக்கறேன்'ங்கறார். நேத்து என்னை 'ரைட்' சொல்லச் சொல்றார் அண்ணே! ஒண்ணு இந்த சக்கரம் இருக்கணும், இல்லே நான் இருக்கணும். நீயே தீர்ப்பு சொல்லு!"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? எடுத்துட்டுப் போய் யாருக்காவது கொடுத்துடறேன். கேம் ஆடறவன் உருப்பட்டதா சரித்திரமே கிடையாது."

மாப்பிள்ளை முகம் சுண்டிப்போயிற்று. "மச்சான், எதை வேணா சொல்லுங்க. இதை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க."

அதற்குள் டிவி சிவப்பாக மின்னிக் கூப்பாடு போட்டது. 'தாமதம்! ஆட்டம் முடிந்தது!'

விநாடிமுள்ளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நிஜ பஸ் ஓட்டறவன் பொம்மை பஸ்ல தோத்துட்டியா? எத்தனாவது ஸ்டாப்?"

"முதல் ஸ்டாப்."

"இவ்வளவு நாளா முதல் ஸ்டாப்பையே தாண்டலையா?"

"இல்லே மச்சான். அங்கே ஒரு அம்மா வருவாங்க."

மறுபடி ஆட்டத்தைத் தொடங்கிக் காட்டினார். பஸ் ஸ்டாப்பில் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். தூரத்துச் சந்திலிருந்து ஒரு பெண் பையும் கையுமாக ஓடி வந்தாள். ஓடினாள், ஓடினாள், ஓடிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவேயில்லை. 'தாமதம்! ஆட்டம் முடிந்தது!'

"யோவ், அது படம்யா! அவ ஏறவே மாட்டா. கேம் செஞ்சவன் அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான். விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"ஓடி வர்றவங்க மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்த மனசு வரலே மச்சான்."

"டிப்போ வண்டிய மட்டும் டயத்துக்கு எடுக்கறே?"

"அதான் போன மாசம் மெமோ கொடுத்தீங்களே. அதுக்கப்புறம் நான் யாருக்கும் நிறுத்தறதில்லே. ஆனா கண்ணாடியில தெரியுது மச்சான், ஓடி வந்து அப்படியே நின்னுடறாங்க. வீட்டுக்கு வந்தாலும் அதே நெனப்பு. இங்கேயாவது நிப்போமேன்னுதான்..."

"ரூல்னா ரூல்தான். ஒருத்தருக்காக நின்னா உள்ளே இருக்கறவங்க என்ன ஆவறது?"

"மெமோ வாங்கின அன்னிக்கு உள்ளே இருக்கறவங்கதான் கத்தினாங்க, 'நிறுத்துங்க, அந்தம்மா வர்றாங்க'ன்னு."

"எந்தம்மா?"

மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். "விடுங்க மச்சான்."

"எதுக்கு விடணும்?" தங்கைக்கு வாய் சும்மா இருக்குமா! "அண்ணிதான்! உனக்குக் காயை ஒரே அளவா நறுக்கி வச்சுட்டு, பையைத் தூக்கிட்டு ஓடி வந்திருக்காங்க. 'உங்க மச்சான்கிட்ட சொல்லிடாதீங்க, அதுக்கும் ஒரு பிரசங்கம் பண்ணுவார்'னு இவர்கிட்ட சத்தியம் வேற. இப்பல்லாம் பாதி நாள் பஸ்ஸை விட்டுட்டு ஆபீஸ்ல திட்டு வாங்கறாங்க."

இன்றைக்குக் காலையில்கூட விநாடிமுள் மனைவியிடம் கேட்டிருந்தார்: "அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பினா குடியா முழுகிப் போயிடும்?"

"அது அண்ணி பாடு, உன் பாடு. இந்தச் சனியன் இங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்!" தங்கை அட்டைப்பெட்டி எடுக்க உள்ளே போனாள்.

விநாடிமுள் மெதுவாக மேஜைக்கிட்டே வந்தார்.

"தள்ளு மாப்பிள்ளை."

"கழட்டப் போறீங்களா மச்சான்?"

"தள்ளுன்னா தள்ளேன்."

தங்கை பெட்டியோடு திரும்பி வந்தபோது மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் அண்ணன். ரெண்டு கையும் ஸ்டியரிங்கில், கால் பிரேக்கில். டிவி சிவப்பாக மின்னிக் காட்டுக் கத்தல் கத்திக்கொண்டிருந்தது.

"என்னண்ணே இது கண்ராவி! நேரமாச்சுன்னு அது அந்தக் கத்து கத்துது, நீ பாட்டுக்கு உட்கார்ந்திருக்கே?"

விநாடிமுள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கத்தினா கத்தட்டும். உங்க அண்ணி ஓடி வந்துட்டிருக்கா."