எதிரொலியின் வால்

ஒலிப்பதிவு அறையில், தான் பாடிய பாட்டுக்கு எதிரொலி கலந்து பதிவு செய்யும் அண்ணியின் பக்கத்தில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள் பாடியவள். கணினியிடம் விட்டால் பத்து நொடியில் வேலை முடிந்துவிடும். ஆனால் எதிரொலிக்கு அண்ணி நம்புவது மேஜைமேல் இருக்கும் பழைய இரும்புப் பெட்டியைத்தான். குரல் கம்பி வழியாக அதற்குள் போய்த் திரும்ப வேண்டும். அதனால் நான்கு நிமிடப் பாட்டு பதிவாக முழுசாக நான்கு நிமிடம் ஆகிறது. மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். போன தடவை கடைசிச் சொல் முடிந்ததுமே, சந்தோஷம் தாங்காமல் எட்டி நிறுத்தும் பட்டனைத் தட்டி, இன்னும் அடங்காத எதிரொலியின் வாலை நறுக்கிவிட்டவள் இவள்தான். அண்ணி திட்டவில்லை. "கையைக் கட்டிக்கிட்டு உக்காரு, இன்னொரு வாட்டி ஓடட்டும்" என்றதோடு சரி. இப்போது திரையில் ஒரு கோடு ஊர்கிறது. பச்சை விளக்குகள் குரலோடு ஏறி இறங்குகின்றன. நூறு தடவை கேட்ட பாட்டை முதல் தடவைபோலக் கண்மூடிக் கேட்கிறாள் அண்ணி. பாட்டில் மூச்செடுக்கும் இடம் வரும்போதெல்லாம் அவள் விரல்கள் பெட்டியின் குமிழை மயிரிழை திருப்பி மீள்கின்றன. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இத்தனை பொறுமையாகத் தன் பாட்டைத் தானே கேட்டதில்லையே என்று இவளுக்குத் தோன்றுகிறது. கடைசிச் சொல் முடிகிறது. இவள் கை தன்னையறியாமல் எழ, கண்ணைத் திறக்காமலே அதைப் பிடித்துக்கொள்கிறாள் அண்ணி. குரல் மெலிந்து, தூரமாகி, மூச்சாகிக் கரைகிறது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கடைசி விளக்கும் அணைந்த பிறகு, பிடித்த கையைப் பட்டன்மேல் கொண்டுபோய் வைக்கிறாள்.

"இப்பதான் உன் பாட்டு முடிஞ்சுது. நீயே தட்டு."